கப்பல் விலாவால் இறங்கிய நாள்

மாட்டுக் கொழுப்பு உருகும் வாசனை எங்கே வந்தாலும் எனக்குச் சாப்பாட்டு நினைவு வருவதில்லை, இந்த வயதிலும் கப்பல்தான் வருகிறது. எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுக ஓரத்தில் ஒரு பட்டறையில் வரைபடங்களைப் பிரதி எடுக்கும் வேலை எனக்கு. அங்கே கடற்படைக்கு ஒரு ரோந்துக் கப்பல் கட்டினார்கள். முன்னால் தண்ணீர் ஒடுக்கம். மூக்கை முன்னுக்கு விட்டால் எதிர்க்கரையில் முட்டும். ஆகவே கொழுப்புப் பூசிய மரங்களின்மேல் பக்கவாட்டில் வழுக்கவிடுவது, நித்திரையில் பாயிலிருந்து புரண்டுபோகிற ஆளைப்போல. காகிதத்தில் நானே அதை வரைந்தேன். வரைந்தும் நம்பவில்லை. விலா அடித்து விழுந்த இரும்பு எப்படி நிமிரும்?

கிண்ணியாவிலிருந்து வரும் பட்டறைப் போர்மனை எல்லோரும் காக்கா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்; அவரை இதையே கேட்டு அரித்தேன். கப்பலைப் பிடித்து வைத்திருப்பவை முன்னும் பின்னுமாக இரண்டு கயிறுகள். இரண்டையும் ஒரே மூச்சில் வெட்டவேண்டும். ஒன்று பிந்தினால் கப்பல் திருகிக் கவிழும், மேலே நிற்கிறவர்களோடு. முன்கயிற்றைத் தான் எடுத்துக்கொண்டு, பின்கயிற்றை அதே பட்டறையில் வேலைசெய்த தன் தம்பிக்குக் கொடுத்தார். வாப்பா விட்டுப்போன தோணி யாருக்கென்ற சண்டையில் இருவருக்கும் ஒரு வருடமாகக் கதைபேச்சு இல்லை. பிறகேன் அவரிடமே கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“சின்னன்ல இருந்து ஒரே கரைவலைக் கயிறு இழுத்தனாங்க தங்கச்சி. அவன்ட கை எப்ப எழும்பும் எண்டு பாராமலே எனக்குத் தெரியும்.”

விசில் ஊதியது. இரண்டு கோடரிகளும் உயர்ந்தன, உயர்ந்தபடியே நின்றன. கரைவலையில் மூத்தவர் அம்பாப் பாட்டின் முதல் அடியை எடுத்தால்தான் இளையவர் இழுப்பார். விசிலைத் தம்பி கணக்கெடுக்கவில்லை, காக்காவின் குரலுக்குக் காத்து நின்றார். குரல் கொடுத்தாலோ, காக்காதான் முதலில் கதைத்தார் என்று ஆகிவிடும். தாங்குமரங்கள் முனகத் தொடங்கின. காக்காவின் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன்.

“ஏலேலோ...”

“ஐலசா” என்று பின்னாலிருந்து பதில் வந்தது. இரண்டு கோடரிகளும் ஒன்றாக இறங்கின.

மரங்கள் புகைந்தன. கப்பல் விலாவால் விழ, எழும்பிய தண்ணீர் எதிர்க்கரையில் நின்றவர்களைக் குளிப்பாட்டியது. அந்தப் பக்கம் சரிந்து, இந்தப் பக்கம் சரிந்து, பிறகு நிமிர்ந்து நின்றதாம். மாதக்கணக்காக நான் காத்திருந்த காட்சி. நானோ கோடரிகளோடு நின்ற அந்த இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

பின்னேரம் பஸ்ஸுக்காகத் துறையடியில் நின்றேன். கிண்ணியாவுக்குப் போகும் தோணியில் தம்பி ஏறிவிட்டார். வழக்கம்போல் அடுத்த தோணிக்கென்று காக்கா கரையிலேயே நின்றார்.

“கப்பலுக்காகத்தான் கூப்பிட்டனான்” என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

தம்பி பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆருக்காகவோ, கூப்பிட்டீங்கதானே. ஏறுங்க காக்கா.”