முன் இருக்கையில் ஒரு பூந்தொட்டி

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்குப் பணிமனையில் 'லில்லியம்மா' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. ஒன்பது வருஷமாக மொட்டை மாடியில் டே லில்லி என்ற பூச்செடிகளை ஒன்றோடொன்று கலந்து புது நிறங்களை உண்டாக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பூவுக்கு ஒரே நாள் ஆயுசு. காலையில் விரியும், மாலையில் சுருளும். அதற்குள் ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் தடவ வேண்டும். காய் பிடித்து, விதை விழுந்து, அது வளர்ந்து பூக்க இரண்டு மூன்று வருஷம்.

வெள்ளைப் பூவில் ஊதாக்கரை வேண்டும் என்பது அவர் ஆசை. வந்ததெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு. ஒரு தடவை துருப்பிடித்த தகரத்தின் நிறம்.

"இதுக்கு 'பழைய பக்கெட்டு'ன்னு பேர் வச்சிரு," என்றார் தையல்காரரான கணவர்.

ஒரு வியாழக்கிழமை, பொழுது விடிகிற நேரம். அதுவரை பூத்திராத ஒரு செடியில் முதல் மொட்டின் நுனி பிளந்திருந்தது. உள்ளே வெள்ளை. ஓரத்தில் ஏதோ கருப்பாக.

"லீவு போடேன்," என்றார் கணவர்.

"முதல் ட்ரிப்புக்கு வேற ஆள் இல்லங்க. ஆஸ்பத்திரி நர்ஸுங்க எல்லாம் அதுலதான் போறாங்க."

"அப்ப நான் பாத்துச் சொல்றேன்."

"ஒம்பது வருஷம் காத்துக் கெடந்தது நானு. நீங்க பாத்துச் சொல்லுவீங்களாக்கும்."

தொட்டியைத் தூக்கிக்கொண்டார். முதல் நாள் வேறொரு வெளிர்பூவில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்த மகரந்தத்தை ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டார். கணவர் பணிமனைவரை கூடவே வந்து, தொட்டியைப் பேருந்தின் முன் இருக்கையில் தையல்கடை நாடாவால் இறுக்கிக் கட்டினார்.

நடத்துனர் ஏறிப் பார்த்தார். "இது யாரும்மா?"

"நம்ம வீட்டுப் பொண்ணுண்ணே."

"பொண்ணுக்கு டிக்கெட்டு?"

"இன்னும் கண்ணே தொறக்கலையே அண்ணே."

சிக்னலுக்குச் சிக்னல் அவர் தலை திரும்பியது. நடத்துனருக்குப் பொறுக்கவில்லை. "நீ ரோட்டப் பாரு. நான் பூவப் பாத்துச் சொல்றேன்." அன்றைக்கு அவர் நிறுத்தங்களின் பெயரோடு பூவின் நிலவரத்தையும் சேர்த்தே கூவினார்.

"தபாலாபீஸ் எறங்கு. ஒரு இதழ் விரிஞ்சாச்சு."

"தண்ணித்தொட்டி எறங்கு. ரெண்டாவதும் விரிஞ்சாச்சு. கரை இருக்கும்மா, ஊதாக்கரை."

பேருந்தே முன்பக்கம் சாய்ந்தது. ஒரு நர்ஸ் எட்டிப் பார்க்கிற சுவாரசியத்தில் தன் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டார்.

கடைசி நிறுத்தத்தில் எட்டு நிமிஷம் ஓய்வு. இயந்திரத்தை அணைத்துவிட்டு வந்து லில்லியம்மா பார்த்தார். பாலாடை வெள்ளை, நடுவில் இளம்பச்சை, விளிம்பு முழுக்க விரல் நகத்தின் அகலத்துக்கு ஊதா, அதுவும் சுருக்கம் வைத்துத் தைத்ததைப் போல. இருக்கையின் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இடுக்கியால் தீப்பெட்டி மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தடவினார்.

"காய் பிடிக்குமா?" என்றார் நர்ஸ்.

"பிடிக்கணும்," என்றார் நடத்துனர், என்னவோ தன் வீட்டுச் சமாச்சாரம் மாதிரி.

பிடித்தது. ஒரே வாரத்தில் பச்சைமணி போலக் காய் திரண்டது. இரண்டு மாதத்தில் அது வெடிக்க, மிளகைத் துடைத்து மெருகேற்றியதுபோல் பதினோரு விதைகள். கணவரின் வெட்டுமேசையில் அவற்றைப் பரப்பினார். கணவர் கத்தரிக்கோலை ஒதுக்கி வைத்தார்.

"இதுல எது நல்லது?"

"யாருக்குத் தெரியும்? எல்லாத்தையும்தான் போடணும். ரெண்டு மூட்டை மண்ணு சொல்லுங்க."

"மாடி தாங்குமா?"

"தாங்கும்," என்று சொல்லிவிட்டு, லில்லியம்மா விதைகளை மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.