பூராடத்துக்கும் பூரட்டாதிக்கும் நடுவில் மாரிசெல்வி

தினசரி காலண்டர் போடுவது லேசான வேலை என்று நினைப்பவர்களை ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க ஆசை. பூரம், பூராடம், பூரட்டாதி என்று மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஜோசியர் எழுதித் தரும் கையெழுத்தில் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சாபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஜோசியரின் தாளைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் அச்சுக்கு முன் எடுக்கும் புரூப்பில் விரல் வைத்துச் சரிபார்ப்பார். ராசியையும் சேர்த்து ‘சிங்கப்பூரம்’, ‘வில்லுப்பூராடம்’, ‘குடப்பூரட்டாதி’ என்று கத்துவோம். எதிர்த்த டீக்கடையில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வாசிக்கிறவன் நான், புரூப் ரீடர் அய்யாதுரை. சரிபார்க்கிறவள் மாரிசெல்வி. கம்ப்யூட்டரில் அடிப்பவளும் அவள்தான். பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துப் பெண். அவள் அம்மா முருகம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, மகள் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று கம்ப்யூட்டர் படிக்க வைத்தவள். அந்தப் பிடிவாதம் மகளுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது.

2007இல் மாரிசெல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓவியா என்று பேர் வைத்தார்கள். குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது முதலாளி சண்முகவேல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவள் வீட்டுக்கே அனுப்பி வைத்தார். அவள் வீட்டில் அடிப்பாள். அவள் புருஷன் கோட்டைச்சாமி பட்டாசுக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். காலையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அவள் அடித்ததைப் பதிந்த சி.டி.யை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போவான்.

இந்த ஏற்பாடு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே பஞ்சாங்கம் அடிக்க முடியுமா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்பினேன். சரிபார்க்க ஜோடி இல்லாமல், நானே தாளையும் புரூப்பையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அவளும் அங்கே சொகுசாக இருக்கவில்லை. ஒரு நாள் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

“வீட்டுலதான இருக்கன்னு ஆளாளுக்கு வேலை ஏவுறாக அண்ணாச்சி. குழாயில தண்ணி வந்தா பிடிச்சு வையின்னு ஏழு குடத்த வச்சுட்டுப் போயிருக்காக. நான் என்ன வேலை பாக்கேன்னு இங்கன ஒருத்தருக்கும் தெரியல.”

நான் நினைத்தபடியே தப்பு வந்தது. மாசி மாதப் பக்கங்களுக்குப் பிளேட் போட்டு மிஷினில் ஏற்றிவிட்டார்கள். மிஷின்மேன் மாரிக்கண்ணனுக்குப் பூராட நட்சத்திரம். தாளை எடுத்துத் தன் நட்சத்திரத்தைத் தேடிப் பார்ப்பது அவனுக்கு ஒரு கிறுக்கு. பார்த்தவன் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

“அண்ணாச்சி, பூராடம் வந்த அஞ்சாம் நாளே மறுபடியும் பூராடம் வருது. எனக்கு மட்டும் வானத்துல ரெண்டு நட்சத்திரமா வச்சிருக்காக?”

சதயத்துக்கு அடுத்து வர வேண்டியது பூரட்டாதி. அவள் பூராடம் என்று அடித்திருந்தாள். நல்லவேளை, பத்திருபது தாள்தான் ஓடியிருந்தது. முதலாளிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. திங்கட்கிழமை முதல் தினமும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் வர வேண்டும், முடியாவிட்டால் வேலை இல்லை என்று கோட்டைச்சாமியிடம் சொல்லி அனுப்பினார். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமையே வந்துவிட்டாள், ஓவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. மன்னிப்புக் கேட்க வந்தவள் மாதிரித் தெரியவில்லை.

“முதலாளி, தினமும் என்னால வர முடியாது. பிள்ளை பால்குடி. அதுக்காக வேலைய விடவும் மாட்டேன். வாரத்துல மூணு நாள் வாரேன். மிச்ச நாள் வீட்டுல அடிக்கேன்.”

“அங்க ஒரு காலு, இங்க ஒரு காலா? இது ஆபீஸும்மா. நீ வராத நாளுக்கு ரெஜிஸ்டர்ல நான் என்னன்னு எழுத?”

“வேலைன்னு எழுதுங்க. வேலைதான பாக்கேன்?”

“வீட்டுல பாத்த லட்சணத்தத்தான் பாத்தோமே.”

அவள் குழந்தையை மேஜைமேல் உட்கார வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“அடிச்சது என் தப்புதான். இல்லைங்கல. ஆனா ஆபீஸுல இருந்து அடிச்சப்பவும் நான் எம்புட்டோ தப்பு விட்டிருக்கேன் முதலாளி. அண்ணாச்சி வாசிக்க வாசிக்கப் பிடிச்சிருவோம். இந்தத் தடவ வாசிக்கவே இல்ல. அந்தப் புரூப் இந்த ஆபீஸுக்குள்ளதான இருந்துச்சு? இங்கன இருந்தவுக கண்ணுக்கும் படலையே?”

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. முதலாளி புரூப் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். மாசி மாதப் புரூப்பின் அடியில் ‘சரி’ என்று எழுதி, பச்சை மையில் என் கையெழுத்து இருந்தது. மூன்று நாளாக அது என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. அவளைத் திட்டும்போதெல்லாம் அந்த டிராயரை நான் திறக்கவே இல்லை.

“நான்தான் முதலாளி விட்டுட்டேன். ஒத்தையில பாத்தா எனக்கும் மூணும் ஒண்ணாத்தான் தெரியுது,” என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதலாளி முன்னால் இப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓவியா புரூப்பின் ஓரத்தைக் கசக்கி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அவர் அதை மெதுவாகப் பிடுங்கினார்.

“மூணு நாளு. ஆனா வாசிக்காம ஒரு பக்கம் மிஷினுக்குப் போச்சுன்னா, ரெண்டு பேரும் வீட்டுலயே இருந்துக்கிடுங்க.”

திங்கட்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மாரிசெல்வி வந்து உட்கார்ந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, ஜோசியரின் தாளைத் தூக்கினேன். அவள் கையை நீட்டினாள்.

“இனிமே நான் வாசிக்கேன் அண்ணாச்சி. நீங்க விரல் வச்சுப் பாருங்க.”

தாளைக் கொடுத்துவிட்டேன்.