தடுப்பூசிப் பெட்டிக்குள் ஒரு மீன்

போன வருட மழைக்காலத்தில் கொல்கத்தாவில் நடந்தது இது. கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்து டாக்குரியா பகுதியில் குடியேறியிருந்தோம். மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்து, அம்மைத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. எங்கே போட்டோம் என்பதை மட்டும் சொல்லப் போவதில்லை. ஏதோ ஓர் அரசு சுகாதார மையம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி மாடிப்படியிலிருந்து திரும்ப ஏறுவேன். பிறகு கதவைப் பூட்டினேனா என்று பார்க்க இன்னொரு தடவை ஏறுவேன். அதனால் நர்ஸ் தீதி மருந்து எடுக்கக் குளிர்ப்பெட்டியின் மூடியைத் தூக்கியபோது, காலாவதி தேதியைப் படிக்கலாமே என்று நானும் எட்டிப் பார்த்தேன். (அங்கே நர்ஸ் முதல் காய்கறிக்காரி வரை எல்லாப் பெண்களும் 'தீதி', அதாவது அக்காதான்.) உள்ளே மருந்துக் குப்பிகளின் மேல் ஒரு மீன் சௌகரியமாகப் படுத்திருந்தது.

பிளாஸ்டிக் பையில்தான் இருந்தது. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தீதி என் முகத்தைப் பார்க்காமல் அதை ஓரமாக நகர்த்தினாள். பக்கத்து மேஜையிலிருந்து பொறுப்பு அதிகாரி மேடம் தலைதூக்காமலே சொன்னார்: "பாத்து எடு. வாலை மடக்கிடாதே."

ஊசி வேண்டாம் என்று சொல்லலாமா, சொன்னால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களா, வங்காள மொழியில் அதை எப்படிப் பணிவாகச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஊசி போட்டாயிற்று. மகள் அழுதாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"மீன் மருந்தைத் தொட்டுதா?"

"பைதான் தொட்டுது."

"அப்பப் பரவாயில்லையே."

"என்ன பரவாயில்ல? திறந்து திறந்து மூடினா குளிர்ச்சி போயிடும், மருந்துக்கு வேலை செய்யற சக்தியே இருக்காது. சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாதுன்னு அந்தப் பெட்டி மேலயே ஒட்டியிருக்கு."

"புகார் பண்ணினா, அடுத்த ஊசிக்கும் அங்கதானே போகணும்?"

என் பயமும் அதுவேதான். புகார் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாதா என்று கேட்டேன். "எங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரு போஸ்டரே இருக்கு. முறைகேட்டச் சொல்றவங்க பேரு வெளிய வராது, யாரும் பழிவாங்க முடியாதுன்னு போட்டிருக்கும்" என்றார். யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றேன். "போஸ்டர் ஜெனரேட்டர் ரூமுக்குள்ள இருக்கு" என்றார்.

இரண்டு நாள் மனசு அடித்துக்கொண்டது. மூன்றாவது நாள் சுகாதாரத் துறையின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், என் பெயர் யாருக்கும் போகாது என்று உறுதி கொடுத்துவிட்டு, விவரத்தைப் பொறுமையாகக் கேட்டாள். ஆனால் மீன் என்றதும் குரலே மாறிவிட்டது.

"என்ன மீன், தீதி?"

"மீன்தான்."

"அது புரியுது. என்ன மீன்?"

நான் பரம்பரைச் சைவம். "நீளமா இருந்தது. வெள்ளி மாதிரி" என்றேன்.

"தலை எப்படி இருந்தது?"

"வாலைத்தான் பாத்தேன்."

"சரி, வகை தெரியாதுன்னு போட்டுக்கறேன்" என்றாள். இருபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கத் தெரியாதவளைப் பார்த்துப் பரிதாபப்படுகிற குரல்.

சில வாரங்கள் கழித்து மேல்வீட்டு பௌதி, அதாவது அண்ணி முறை வைத்து நான் கூப்பிடும் அம்மா, துணி காயப்போடும்போது சேதி சொன்னார். "உன் பொண்ணுக்கு ஊசி போட்டாளே அந்த நர்ஸ், அவளுக்கு வேலை போகப் போகுது. மேடம் மேல பொய்ப் புகார் கொடுத்திருக்காளாம். பெட்டிய வேற யாரு தொறப்பா, அவதான்னு மேடம் அடிச்சுச் சொல்றாங்க. ஒப்பந்த வேலை பாரு, ஒரு வார்த்தையில அனுப்பிடுவாங்க. வர்ற புதன்கிழமை விசாரணை."

கையிலிருந்த துணியைக் காயப்போட்டேனா, திரும்ப வாளியிலேயே போட்டேனா என்று நினைவில்லை. என் பெயரை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். அதனால் அந்த இடத்தில் அவள் பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. உதவி எண்ணை மறுபடியும் கூப்பிட்டேன்.

"உங்க பேரு பாதுகாப்பா இருக்கு மேடம், கவலைப்படாதீங்க."

"அந்தப் பாதுகாப்பக் கொஞ்சம் எடுத்துட முடியுமா?"

"அப்படி ஒரு வசதி இல்ல, மேடம்."

புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். தடுப்பூசி நாளும் அதுதான். பெஞ்சு நிறையத் தாய்மார்கள். மையத்தில் இருந்ததே ஒரு கூடம் என்பதால் ரகசிய விசாரணையும் எங்கள் முன்னாலேயே நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மீனே இல்லை, தாமதமாக வந்ததற்குக் கண்டித்தேன், அந்தக் கோபத்தில் நர்ஸ் கட்டிவிட்ட கதை இது என்று மேடம் சொன்னார்.

எழுந்து சொல்லிவிடலாம் என்று தொடைவரை பலம் வந்தது. பிறகு, என் மகளின் அடுத்த ஊசிகள் நினைவுக்கு வந்தன. உட்கார்ந்தபடியே இருந்தேன்.

அதிகாரி புகாரை வாசித்தார். "நீளமான, வெள்ளி நிற மீன். வகை தெரியாது."

அதுவரை அழுதுகொண்டிருந்த நர்ஸ் தீதி சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன தெரியாது?"

"வகை."

"சார், இத நான் சொன்னேன்னா சொல்றீங்க? நான் கிருஷ்ணாநகர்க்காரி, மீன் தின்னே வளந்தவ. இலிஷ் மீனப் பாத்து 'நீளமான மீன்'னு சொன்னேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்ன வீட்டுக்குள்ள சேக்க மாட்டார். வேலைய வேணா எடுத்துக்குங்க, இந்த அவமானம் வேண்டாம்."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. இலிஷ் என்பது வங்காளிகள் உயிரையே வைத்திருக்கும் மழைக்கால மீன்; எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டது. அதிகாரியும் தன்னை மறந்து, "ஓ, இலிஷா?" என்றார்.

பெஞ்சிலிருந்த, இலிஷ் விஷயத்தில் கறாரான ஒரு கிழக்கு வங்காளக் குடும்பத்து அம்மா, "இந்த வருஷம் ஏது நல்ல இலிஷ்? கோல்டு ஸ்டோரேஜ்ல கெடந்த பர்மா சரக்கா இருக்கும்" என்று உதட்டைப் பிதுக்கினார்.

"பர்மா சரக்கா?" மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. "டைமண்ட் ஹார்பர்ல பிடிச்ச மீன் அது. கரியாஹாட் மார்க்கெட்ல அன்னைக்குக் காலையில என் கையாலயே அமுக்கிப் பாத்து வாங்கினேன். நானா கோல்டு ஸ்டோரேஜ் மீன வாங்குவேன்?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. அதிகாரி பேனாவை எடுத்தார்.

மேடம் சுதாரித்துக்கொண்டு, "சரி, இவ நேரா புகார் கொடுக்கல. வேற யாரையோ தூண்டிவிட்டிருக்கா. இலிஷ் தெரியாத யாரோ" என்றார்.

கொல்கத்தாவில் இலிஷ் தெரியாத யாரோ. பெஞ்சு முழுவதும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. ஒரு கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்த்த மாதிரிதான் எனக்கு இருந்தது.

"யாரும் யாரையும் பாக்கக் கூடாது" என்றார் அதிகாரி அவசரமாக. "புகார் கொடுத்தது யாருன்னு தேடறதே விதிப்படி தப்பு." உடனே எல்லாரும் கட்டுப்பாடாகச் சுவரிலிருந்த போலியோ விளம்பரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இருபது பேர் சேர்ந்து ஒருத்தியைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் எழுந்தேன். "நான்தான் சார்."

"என் காதுல எதுவும் விழல. உங்க பேரைக் காப்பாத்தறது என் கடமை. உக்காருங்க."

"நான்தான் சார் போன் பண்ணினேன். நர்ஸ் தீதி ஒரு வார்த்தை சொல்லல. நானா எட்டிப் பாத்தேன். வாலை மடக்காதேன்னு மேடம் சொன்னதையும் கேட்டேன்." கால் நடுங்கியதில் இடுப்பிலிருந்த மகளும் சேர்ந்து நடுங்கினாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்திருக்க வேண்டும், கெக்கெக்கென்று சிரித்தாள்.

அதிகாரி குடையைத் தரையில் வைத்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பிறகு மேடத்தைப் பார்த்து, இந்த நர்ஸின் வேலைக்கோ இந்தக் குழந்தையின் ஊசிக்கோ இனி ஏதாவது தடங்கல் வந்தால், அதைத் தனிக் குற்றமாக எழுதுவேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பர்மா சரக்கு என்ற அம்மா நகர்ந்து, எனக்குப் பெஞ்சில் இடம் விட்டார்.

பெட்டியிலிருந்த மருந்தையெல்லாம் திருப்பி எடுத்துப் போனார்கள். சில குழந்தைகளுக்குப் பாதுகாப்புக்காக இன்னொரு முறை ஊசி போட வேண்டும் என்று மேலிடத்து டாக்டர்கள் முடிவு செய்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. மறு ஊசி போட்ட அன்றைக்கு அழுத எல்லாக் குழந்தைகளும் என்னையே முறைத்துக்கொண்டு அழுவதாக எனக்குத் தோன்றியது. அம்மாக்களில் சிலர் முறைத்தது தோற்றமில்லை, உண்மைதான்.

மேடத்துக்கு வேறு இடத்துக்கு மாற்றலானது. அங்கே குளிர்ப்பெட்டி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் தீதிக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. மகளுக்கு இரண்டாவது ஊசியைப் போட்டுவிட்டு, பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டாள்: "நீதான்னு சொல்ல ஏன் அவ்வளவு நாள் ஆச்சு?"

பயமாக இருந்தது என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

பெயரை மறைத்துக்கொண்டு புகார் சொன்னதை நான் இன்றைக்கும் தப்பென்று நினைக்கவில்லை, பயந்தவர்களுக்கு அந்த வழி திறந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் நான் பத்திரமாக இருக்கும் ஒவ்வொரு சமயமும், அதனால் வெளியே மாட்டிக்கொண்டு நிற்பது யார் என்று ஒருமுறை எட்டிப் பார்க்காமல் என்னால் இப்போது இருக்க முடிவதில்லை.