மாதா புட்டியில் பாரீசு மண்

செங்கல்லைத் தட்டிப் பொடியாக்கும்போது ஒரு காய்ந்த நெடி மூக்கில் ஏறும். அது தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும் போகாது. எங்கள் தெருவில் எந்த வீட்டை இடித்தாலும் அந்த நெடி வரும், உடனே எனக்கு எலேன் நினைவு வரும், எலேன் நினைவு வந்ததும் வயிறு எரியும். நாற்பதை நெருங்கும் வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எரிவது எரிகிறது.

எலேன் என்னைவிட ஒரு வயது மூத்தவள். ரெட்டியார்பாளையம் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அவளுடையது. அவள் அப்பா அந்துவான் முசே, முசே என்றால் ஐயா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் "சொல்தா" என்போம். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனபோது, அவர்கள் நாட்டுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் கையெழுத்துப் போட ஆறு மாதம் அவகாசம் இருந்ததாம். எலேனின் தாத்தா போய்ப் போட்டார், எங்கள் தாத்தா போடவில்லை. இரண்டு வீட்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு கையெழுத்தில் அவர்களுக்கு மாடி வந்தது, டிஷ் ஆன்டெனா வந்தது, சாக்லேட்டும் சென்ட்டும் நிரம்பிய பார்சல் வந்தது. எங்களுக்கு அப்பாவின் பெருமூச்சு வந்தது. "அந்தப் பெரிய மனுஷன் அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா நாமளும் இந்நேரம் எங்கயோ இருந்திருப்போம்" என்று ஒவ்வொரு பார்சலுக்கும் ஒருமுறை சொல்வார்.

மே முடிந்து ஜூன் பிறக்கும்போது அந்துவான் முசே வீட்டுக் கூடம் கோயில் மாதிரி ஆகிவிடும். பாரீசில் செம்மண் தரையில் டென்னிஸ் நடக்கிற இரண்டு வாரமும், அங்கே மதியம் என்றால் இங்கே சாயங்காலம், தெருவிலுள்ள சொல்தாக்கள் ஏழெட்டுப் பேர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பிரம்பு நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். பந்து போய் வரும்வரை ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். பிரெஞ்சு ஆட்டக்காரர் ஒரு புள்ளி எடுத்தால் "அல்லே!" என்று எல்லோருமாகத் தொடையில் தட்டுவார்கள், புள்ளியை விட்டால் பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் திட்டி முடிப்பார்கள். பிள்ளைகள் நாங்கள் தரையில். நான் எப்போதும் வாசற்படி ஓரமாக.

டிவிக்குப் பக்கத்தில் அந்தப் புட்டி இருக்கும். பிரான்சிலுள்ள லூர்து மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவருகிற, மாதா உருவத்தில் செய்து நீலக் கிரீடத்தை மூடியாக வைத்த பிளாஸ்டிக் புட்டி அது. தீர்த்தம் தீர்ந்துபோன பிறகு பாரீசில் இருந்த எலேனின் சித்தப்பா அதில் அந்த ஆட்டத் தரையின் சிவப்பு மண்ணை எப்படியோ அள்ளிப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். மாதாவுக்குள் மண்ணைப் போடலாமா என்று எலேனின் அம்மா, நாங்கள் மதாம் என்று கூப்பிடுகிறவர், ஒரு வாரம் பேசாமல் இருந்தார்களாம். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவோ அதை ஏதோ மாதா கோயில் மண் என்று நினைத்து, மகனுக்குக் காய்ச்சலென்று ஒரு சிட்டிகை கேட்டு வாங்கிப் போனார். காய்ச்சல் விட்டுவிட்டது. அதிலிருந்து சொல்தாக்களுக்கும் நம்பிக்கை வந்து, ஆட்டம் இழுபறியாகும்போதெல்லாம் புட்டியைக் கைமாற்றிக் கொடுத்துத் தொட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

எனக்குப் பதினோரு வயதான அந்த வருடம் ஒரு பிரெஞ்சுக்காரர் காலிறுதிவரை வந்துவிட்டார். கடைசி செட்டில் புட்டி வரிசையாக வந்து, பிள்ளைகள் பக்கம் இறங்கி, எலேனின் கைக்கு வந்தது. அடுத்து நான். கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி அவள் தம்பியிடம் கொடுத்தாள்.

"நீ தொடாத ரீத்தா. நீங்கல்லாம் இந்தியன்தானே" என்றாள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பெரியவர்கள் யாரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் ஆள் ஜெயித்து அரையிறுதிக்குப் போய்விட்டான், கூடமே குதித்தது. நான் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அவள் நாட்டையோ பார்சலையோ விடுங்கள், அந்தப் புட்டியை ஒரே ஒரு முறை என் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிற ஆசை அன்றைக்கு எனக்கு நோய் மாதிரி பிடித்துக்கொண்டது.

வெயில் தணியவில்லை என்று பள்ளிக்கூடம் திறப்பதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். மறுநாள் மதியம் அவர்கள் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் எனக்குத் தெரியும், கொல்லைக் கதவு சும்மா சாத்தியிருக்கும் என்பதும் தெரியும். எங்கள் வீட்டில் அப்போது குளியலறை கட்டிக்கொண்டிருந்தார்கள். உடைந்த செங்கல் ஒன்றைப் பழந்துணியில் சுற்றிக் கருங்கல்லால் தட்டி, அம்மாவின் நைலக்ஸ் புடவைத் துண்டில் சலித்தேன். புட்டியை எடுத்துவந்து மண்ணை ஒரு காலி பவுடர் டப்பாவில் கொட்டினேன். என் செங்கல் பொடியை அதே அளவுக்குப் புட்டியில் நிரப்பினேன். "மாதாவே, நீ கண்டுக்காத" என்று சொல்லித்தான் கிரீடத்தைத் திருகினேன். திரும்பக் கொண்டுபோய் வைத்தபோது மனசு குளிர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அரையிறுதி. என் செங்கல்லை ஒவ்வொரு சொல்தாவும் பயபக்தியோடு தொட்டார்கள். அந்துவான் முசே மாதாவின் காலில் முத்தமே கொடுத்தார். எனக்குச் சிரிப்பு முட்டியது. பிரெஞ்சுக்காரன் முதல் செட்டை ஜெயித்தான், இரண்டாவதையும் ஜெயித்தான். "புட்டி வேலை செய்யுது, பாத்தியா" என்று ஒருவர் சொல்ல, எலேன் தானே பந்தை அடித்த மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டாள். அப்போது என் சிரிப்பு போய்விட்டது. என் செங்கல் ஜெயிக்கிறது, பெயர் அவளுக்குப் போகிறது. வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அவன் தோற்க வேண்டும், அவன் தோற்றே ஆக வேண்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்தபடி மனசுக்குள் மன்றாடினேன்.

மூன்றாவது செட் போயிற்று. நான்காவதும் போயிற்று. புட்டி கைமாறும் வேகம் கூடக்கூட ஆட்டம் நழுவியது. ஐந்தாவது செட்டில் அவன் அடித்த கடைசிப் பந்து வலையில் விழுந்தபோது ஒருவரும் திட்டவில்லை. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அந்துவான் முசே டிவியை அணைத்துவிட்டு, மாதாவைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார். "மண்ணு பழசாயிடுச்சு போல" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஒரு பெரிய மனிதர் ஆட்டத்துக்காக அழுவதை அன்றுதான் பார்த்தேன். எலேன் என் மடியில் முகத்தை வைத்து விம்மினாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. நானே தோற்கடித்துவிட்டேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எலேன் பெரியவளாகி பிரான்சுக்குப் போனாள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். நான் இதே தெருவில், இதே வீட்டில் இருந்துகொண்டு கணக்கு டீச்சரானேன். மதாம் இறந்துபோனார், பிறகு முசேயும் போனார். அந்த வரிசையில் உட்கார்ந்த சொல்தாக்களில் இன்று ஒருவரும் இல்லை. போன வருடம் வீட்டை விற்க எலேன் வந்தாள். நாற்காலிகளை யார்யாரோ எடுத்துப் போனார்கள். அவள் அந்தப் புட்டியை மட்டும் தன் பட்டுத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். "எங்கப்பா கை பட்ட மண்ணுடி" என்றாள். சொல்லிவிட வாயெடுத்தேன். ஆனால் பெட்டியை மூடத்தான் உதவினேன்.

இப்போது அங்கே தகர வேலி அடைத்து, அடுக்கு வீடு கட்ட இடிக்கிறார்கள். நெடி வந்தபடி இருக்கிறது. அந்தப் பாரீசுத் தரையின் சிவப்பும் செங்கல்லைப் பொடித்துத் தூவியதுதான் என்று சில நாள் முன்பு எங்கோ படித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும், எனக்கோ ஏமாந்த மாதிரி இருந்தது.

இந்த ஜூனில் ஒருநாள் சாயங்காலம் எலேன் வீடியோவில் கூப்பிட்டாள். அவள் வீட்டு டிவியில் செம்மண் தரை தெரிந்தது, பிள்ளைகள் "அல்லே" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். புட்டி அவள் கையில் இருந்தது.

"கடைசி செட்டு ரீத்தா. நீயும் தொட்டுக்கோடி" என்று மாதாவைப் போனுக்கு நேரே நீட்டினாள்.

விரலைத் திரையில் வைத்தேன். அன்று எனக்குத் தராததை இன்று தானாகவே தருகிறாள். பழையதெல்லாம் அவளுக்கு ஞாபகம்கூட இல்லை. என் பின்னால் இருந்த பீரோவில், புடவைகளுக்கு அடியில், பாரீசு மண்ணோடு அந்தப் பவுடர் டப்பா இருக்கிறது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்து மன்னித்துவிடுவாள், பிறகு அதைத் தா என்று கேட்பாள். அவளிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருப்பது அது ஒன்றுதான். நான் சொல்லவில்லை.