கொடைக்கானலில் ஒரு டியூட்டி

போன வருடம் மே மாதம். ஸ்ரீபெரும்புதூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வாடகை வீடு. குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். மூன்று வயது மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. கணவருக்கு வருடத்தில் ஒரே முறைதான் சேர்ந்தாற்போல நான்கு நாள் லீவு கிடைக்கும். அதை எந்தக் குளிர்ந்த ஊரில் கழிப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒரகடத்தில், ஐஸ்கிரீமும் பட்டாணியும் உறைய வைத்து அடுக்கும் குளிர் குடோனில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் ஃபேனை ஐந்தில் வைத்து, ஃபிரிட்ஜிலிருந்து மோர் எடுத்துக் கொடுப்பேன். பேசாமல் குடிப்பார். நல்ல மனைவி என்று எனக்கு நானே நினைத்துக்கொள்வேன்.

ஒரு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என்று எழுதினேன். பக்கத்தில் கட்டங்கள்: வளைவுகளில் பாப்பா வாந்தி எடுப்பாளா, காது அடைக்குமா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், குரங்குத் தொல்லை உண்டா. ஏற்காட்டுக்கு டிக் போட்டு மறுநாளே அடித்தேன். குழந்தைகள் டாக்டர், மாமியார், வாட்ஸ்அப்பில் இருக்கும் மற்ற அம்மாக்கள் என்று எல்லோரையும் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பரீட்சைக்கா படிச்சிகினு கீற? எங்கனா ஒரு ஊருக்குப் போய்ட்டு வாயேன்" என்றார்.

கடைசியில், அன்று காலை போனில் ஒரு டிகிரி குறைவாகக் காட்டியது என்பதற்காகக் கொடைக்கானல் ஜெயித்தது. கணவர் தென் மாவட்டத்துக்காரர், அதிகம் பேச மாட்டார். "பாப்பாவுக்கு நல்லதுன்னா சரிதான்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொடைக்கானல் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் கண் விழித்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பதறிப்போய்த் தேடினேன். லாட்ஜுக்குப் பின்னால், வெந்நீர் போடும் விறகு அடுப்பை ஒட்டிக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் நெருப்புக்கு நேராக நீண்டிருந்தன. "அஞ்சு மணிக்கே வந்துட்டாரும்மா. நானும் கட்டை எடுக்கணும், நகர மாட்டேங்கிறாரு" என்றார் சமையல்காரர்.

அன்று மாலை ஏரிக்கரையில் பஜ்ஜி கேட்டார். தின்றார். இன்னொரு தட்டு கேட்டார். மூன்றாவது தட்டு முடிந்தும் அங்கேயே நின்றார். கடைக்கார அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க சட்டியவே கட்டிப் புடிச்சுக்கிட்டா மத்தவங்க எங்க நிக்கிறது?" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஏரியின் மேல் பனி புகையாக இறங்கியது. எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "குடோன் கதவத் தொறந்தா இதே மாதிரிதான் புகை வரும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, இந்த ஊர் பிடிக்கலையா?"

"நல்லாத்தான இருக்கு. டியூட்டிக்கு வந்த மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ ஸ்கேல் வச்சுக் கோடு போட்டுட்டு இருந்தா நான் எங்க போயிச் சொல்ல? ஒரு மாசமா ஊரையே கேட்ட. என்னைக் கேக்கலையே."

அப்படியே கீழே இறங்கிவிடலாம் என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. "பாப்பாவுக்கு முதுகு ஆறிட்டு வருதுல்ல, இருப்போம்." உண்மைதான், வேர்க்குரு அமுங்கியிருந்தது. அவள் சுவெட்டருக்குள் உருண்டையாகக் குதித்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து நானே சமையல்காரரிடம் கெஞ்சி, அடுப்புப் பக்கத்தில் ஒரு முக்காலி வாங்கிப் போட்டேன்.

நான்காம் நாள் வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் இறங்கினோம். உச்சி வெயில். மொத்த ஜனமும் கூரை நிழலில் நெருக்கியடித்து நிற்க, அவர் நடுத்திடலுக்குப் போய், முகத்தை மேலே தூக்கிக் கண்ணை மூடி நின்றார். பாப்பாவும் ஓடிப் போய் அதேபோல் நின்றாள். வேர்க்குரு திரும்ப வந்துவிடுமே என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த நான்கு நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு சுகத்தை அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது அவர் வேலை முடிந்து வந்தால் ஃபேனைப் போடுவதில்லை. கொதிக்கக் கொதிக்க டீதான். "இந்த வெய்யில்ல மனுசனுக்கு சுடு டீயா குடுக்கற?" என்று அக்கா என்னைக் கொடுமைக்காரியாகவே முடிவு கட்டிவிட்டார். இந்த வருடப் பயணத்துக்கு நோட்டில் முதல் கட்டத்தை அவருக்காக விட்டிருக்கிறேன். பத்து நாளாக யோசிக்கிறார், இன்னும் பதில் இல்லை. ஆனாலும், எல்லோருக்காகவும் கவலைப்பட்ட நான் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போனேனே என்பது, அவர் டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.