ஜெனிற்றா சொன்ன இரண்டு பதில்கள்

செய்தி வந்தபோது நான் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவன் ஜெனிற்றாவின் தம்பி ஜூட். “துர்க்கா அக்கா, ஜெனி அக்கா போயிட்டா” என்றான். அவளும் நானும் விமானிகள். போவதும் வருவதும்தான் எங்கள் அன்றாடப் பேச்சு. அவளுடைய லீவு முடிய இன்னும் நாள் இருந்ததே என்று நினைத்து, “அதுக்குள்ள டியூட்டிக்குக் கூப்பிட்டிட்டாங்களா? எங்க போனவ?” என்று கேட்டேன். அவனுக்குப் பின்னால் பெண்கள் அழுவது கேட்டது. கேட்ட பிறகும் எனக்கு உடனே விளங்கவில்லை. மீன்காரர் மீன் பையை நீட்டிக்கொண்டு சிங்களத்தில் “நோனா, மாளு, மாளு” என்றார். வாங்கிக்கொண்டு காலி வீதிக்கு வந்து, வீட்டுக்குப் போகும் பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கமாக நடந்திருக்கிறேன்.

காலையில் குளித்துவிட்டு வந்தவள் தலையிடிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்தாளாம். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக வைத்தியர்கள் சொன்னார்கள். எங்களுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லாமல் தேறியவள் அவள். என் வயதுதான் அவளுக்கும்.

அவளை அறிந்தவர்களே இதைப் பெரும்பாலும் வாசிப்பீர்கள். பயணிகள் விமானத்தை விட்டு ஜெனிற்றா ஏன் சரக்கு விமானத்துக்குப் போனாள் என்று உங்களில் யாருக்காவது திட்டமாகத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்றுதான் செத்தவீட்டுக்குப் போகும்வரை நினைத்திருந்தேன்.

இரத்மலானையில் பறக்கப் பழகிய நாட்களில் எங்கள் வகுப்பில் தமிழ்ப் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்வாள். ஒருநாள் பயிற்சியாளர் எல்லோரிடமும் எந்த விமானம் ஓட்ட ஆசை என்று கேட்டார். எல்லோரும் பெரிய பெரிய ஜெட் விமானங்களின் பெயர்களைச் சொன்னோம். ஜெனிற்றா மட்டும், “ஆக்கள் ஏறுற எதெண்டாலும் சரி” என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிறகு இருவரும் ஒரே சிறிய நிறுவனத்தில் சேர்ந்தோம். யாழ்ப்பாணத்துக்குப் போகும் விமானத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அறிவிப்புச் செய்துவந்தார்கள். அவள் கப்டனிடம் கேட்டுத் தமிழிலும் சொல்லத் தொடங்கினாள். பலாலியில் இறங்கிய ஒரு முதியவர் விமானி அறையின் வாசலில் நின்று, “பிள்ளை கொட்டாஞ்சேனையோ? கதையில விளங்கினது” என்றாராம். அதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! “மேகத்துக்குள்ள இருந்து கதைச்சும் மனுசன் என்ட ஊரைக் கண்டுபிடிச்சிட்டார் பார்” என்பாள். பயணிகளை அப்படி விரும்பியவள்.

கொரோனா வந்து பயணிகள் விமானங்கள் தரையில் நின்றபோது நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தோம். சரக்கு விமானங்கள் மட்டும் ஓயாமல் பறந்தன. வெளிநாட்டுச் சரக்கு நிறுவனமொன்று அவளைக் கூப்பிட்டது, போனாள். நான் காத்திருந்தேன். இதுவரைக்கும் குழப்பமில்லை. ஆனால் நிலைமை சீரானதும் எங்கள் பழைய நிறுவனம் இருவரையும் திரும்ப அழைத்தது. நான் போனேன், அவள் மறுத்துவிட்டாள். “ஏன்டி?” என்று கேட்டதற்கு, “பெட்டிகள் கேள்வி கேக்காது துர்க்கா. லேட் எண்டு ஏசாது. பொம்பிளையா ஓட்டுறா எண்டு ஆளை ஆள் பாக்காது” என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அவளே ஒருமுறை வெளிநாட்டு ஹோட்டல் ஒன்றிலிருந்து அழைத்து, “இண்டைக்குப் பின்னால முழுக்கக் கோழிக்குஞ்சு. கதவு மூடியிருந்தும் கீச்சு கீச்செண்டு கேட்டுக்கொண்டே வந்தது. ஒரு அறிவிப்புச் செய்யட்டோ எண்டு கப்டன்ட்ட கேட்டன்” என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பலாலி முதியவரின் கதையை மறுபடியும் ஒருமுறை சொன்னாள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த வருடம் எனக்கு இரண்டு வேலைகள் வந்தன. ஒன்று வளைகுடா நாடொன்றின் பயணிகள் விமான நிறுவனம். பெரிய விமானம், ஆனால் குடும்பத்தோடு அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். மற்றது ஜெனிற்றாவின் சரக்கு நிறுவனம். என் பெயரைக் கொடுத்தவளே அவள்தான். அதில் வீடு மாறத் தேவையில்லை. மாதத்தில் பாதி நாள் எங்கெங்கோ பறந்துவிட்டு மற்றப் பாதி முழுவதும் வெள்ளவத்தையில் இருக்கலாம். என் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாள். பாதி மாதம் அம்மா இல்லாத பிள்ளையா, பாட்டியும் சிநேகிதிகளும் இல்லாத ஊரில் வளரும் பிள்ளையா என்று கணவரும் நானும் பேசிப் பேசி ஓய்ந்துபோனோம்.

லீவில் வந்திருந்த ஜெனிற்றாவை வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடைக்கு வரச் சொன்னேன். வடையும் பிளேன் ரீயும் வந்தன. “நேராச் சொல்லு. வரட்டா, வேணாமா?” என்று கேட்டேன்.

“வா” என்றாள் உடனே. “யோசிக்காத. பெட்டிய ஏத்து, கொண்டுபோய் இறக்கு, நித்திரை கொள்ளு. வீட்டுக்கு வந்தா முழுசா வீட்டில நிப்ப. மகளுக்கும் நல்லம்.”

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கடையை விட்டு வெளியே வந்து ஓட்டோவுக்குக் கை காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

“துர்க்கா, வராத.”

“இப்பதானே வா எண்டு சொன்ன?”

“ஓம். அதுவும் சரிதான்.”

“அப்ப எதுடி உண்மை?”

“ரெண்டும்தான். லீவு தொடங்கேக்க கேட்டிருந்தா வா எண்டு சொல்லியிருப்பன். முடியேக்க கேட்டிருந்தா வராத எண்டிருப்பன். நீ நடுவில கேட்டிட்ட.”

எனக்குக் கோபம் வந்தது. ஓட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று சிங்களத்தில் “கொஹெத மிஸ்?” எனக் கேட்டுக்கொண்டே நின்றார். அவள் கொட்டாஞ்சேனை என்று சொல்லி ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளை உயிரோடு பார்க்கவில்லை.

செத்தவீட்டில் அவளுடைய அம்மா பிலோமினா அன்ரி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “எனக்காகத்தான், மகள், அவ அந்த வேலைக்குப் போனவ. பாதி மாசம் அம்மாவோட நிக்கலாம் எண்டு” என்று அழுதார். பக்கத்தில் நின்ற ஜூட், “இல்லம்மா. கெதியாக் கப்டன் ஆகலாம் எண்டு போனவ. என்னட்டச் சொன்னவ” என்றான். நான் அறிந்த காரணம் மூன்றாவது. அதைச் சொல்லாமல் இருந்தேன்.

“உன்னையும் வரச் சொல்லிட்டன் எண்டு எவ்வளவு சந்தோசமாச் சொன்னா தெரியுமா, மகள்?” என்றார் அன்ரி.

“துர்க்கா அக்காவை வரவேணாம் எண்டு மறிச்சிட்டன் எண்டெல்லோ சொன்னவ?” என்றான் ஜூட்.

“நீ சரியாக் கேக்கேல்ல.”

“அம்மா, சைவக் கடையில இருந்து நேரா வந்து என்னட்டத்தான் சொன்னவ!”

அவளைக் கிடத்தியிருந்த பெட்டியின் இரு பக்கமும் நின்று தாயும் மகனும் வாதிட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். எழுந்து அவளே ஒரு பதில் சொல்லிவிடக்கூடாதா என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ கையில் தேத்தண்ணியைத் தந்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

வாசலில் ஒருவர் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ரிஸ்வான், தெமட்டகொடையைச் சேர்ந்தவர், அவளோடு சரக்கு விமானம் ஓட்டியவர். ஆட்கள் இல்லாத விமானம்தான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது போலும் என்று நான் சொன்னேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“எனக்கு அப்பிடி விளங்கல்லயே” என்றார். “அரபு நாட்டில மவுத்தான நம்மட ஆக்கள்ட சவப்பெட்டியும் சில நேரம் எங்கட ப்ளைட்டில வரும். பேப்பரில மனித உடல் எண்டு மட்டும்தான் போட்டிருக்கும். ஜெனிற்றா, மவுத்தானவர்ட பேரைக் கேக்காம கதவை மூட விடமாட்டாங்க. நேரமில்ல எண்டு கீழ நிக்கிறவங்க ஏசுவாங்க. ஏசினாலும் ஜெனிற்றா கேப்பாங்க.”

“ஏன் எண்டு நீங்க கேக்கேல்லயா?”

“கேட்டேன். ‘பேர் தெரியாம எப்பிடி ஒராளைக் கூட்டிக்கொண்டு போறது?’ எண்டாங்க.”

என்னிடம் ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை. கோழிக்குஞ்சைப் பற்றிச் சொன்னவள் இதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்காத பெட்டிகள் என்று சொன்னது யாரை ஏமாற்ற? என்னையா, தன்னையா? அடக்கம் முடிந்து வீடு திரும்பும்போது காருக்குள் கணவர் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை.

பதில் அனுப்ப வேண்டிய நாள் வந்தது. நான் பயணிகள் விமானத்தைத் தெரிந்தெடுத்தேன். ஏன் என்று கேட்ட கணவரிடம், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்றேன். அம்மாவிடம், பெரிய விமானம், நினைத்தபோது வந்து போகலாம் என்றேன். பழைய நிறுவனத்து நண்பர் ஒருவரிடம், சரக்கு விமானத்தில் தனிமை அதிகம் என்றேன். மூன்றும் பொய்யில்லை. மூன்றில் எதற்காகக் கையெழுத்து வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெனிற்றா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பாளா, ஏசியிருப்பாளா என்பதும் தெரியாது.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கத்தை மட்டும்தான். அதையும் அவள் எனக்குத் தந்ததில்லை, ரிஸ்வான் மூலமாக வந்தது. பயணிகள் விமானத்தின் அடியிலும் சரக்கு போகிறது, அந்தப் பெட்டிகளும் போகின்றன. அண்மையில் கொழும்புக்குப் புறப்பட இருந்தபோது அப்படி ஒன்று இருப்பதைத் தாளில் கண்டு, பெயர் என்ன என்று கேட்டேன். கீழே நின்ற இளைஞன் எங்கெங்கோ அழைத்து விசாரித்துவிட்டு, “செல்வராணி” என்றான். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“தெரிந்தவரா?” என்று கப்டன் கேட்டார்.

“இல்லை” என்றேன். “எங்களோடு வருகிறவர்.”

அவர் தலையசைத்தார். கதவுகளை மூடச் சொன்னோம்.