முதலில் சித்தியிடம்

பள்ளியில் நடந்ததை என் மகள் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தியிடம். விஷயம் என்னவென்று முழுதாகக் காதில் விழுவதற்கு முன்பே எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் இப்படியெல்லாம் எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

முடிச்சூரில் மாமனார் வாங்கிப் போட்ட மனையில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே கொழுந்தனாரும் அவர் மனைவியும். எனக்கு கிண்டியில் வேலை. காலையில் மகள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவேன். சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, மேற்குப் பக்கம் வந்து, மூன்று பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ சீட்டில் நான்காவது ஆளாக ஒண்டிக்கொண்டு வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்து வெகு நேரம் ஆகியிருக்கும்.

பள்ளி வேன் மூன்றரை மணிக்கெல்லாம் மகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளை இறக்கி அழைத்துப் போவது ஓரகத்திதான். பம்மல்காரி. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். என் மகளுக்கு முகம் கழுவி, உடை மாற்றி, பால் கொடுத்து, மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக்கொள்வாள். வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டே மகள் பள்ளிக் கதை முழுவதையும் அங்கே கொட்டிவிடுவாள். நான் வந்து கேட்டால், "எல்லாத்தையும் சித்திகிட்ட சொல்லிட்டேம்மா" என்பாள். காசு வாங்காமல் என் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு நான் நன்றியோடு இருக்க வேண்டும். இருந்தேன், ஆனால் அவள் சிரிப்புச் சத்தம் மாடியிலிருந்து கேட்டால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகத்தான் கழுவுவேன்.

அதற்கெல்லாம் ஈடாக எனக்கென்று ஒன்று வைத்திருந்தேன். அதன் பெயர் சார்ஜ். வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வைத்துவிட்டு, "அம்மாவுக்கு பேட்டரி டவுன், வா, வந்து சார்ஜ் போடு" என்பேன். அவள் வந்ததும் இறுக்கிக் கட்டிக்கொண்டு பத்து, இருபது, முப்பது என்று எண்ணுவேன். நூறு வந்தால்தான் விடுவேன். நடுவில் நெளிந்தால், "அய்யோ, ஒயர் கழண்டுடுச்சு, மறுபடியும் முதல்லேருந்து" என்று ஆரம்பிப்பேன். அவள் சிரிப்பாள். விழுந்து முட்டி சிராய்த்தது, ரப்பர் தொலைந்தது என்று எதைச் சொல்லி அழுதாலும் அதே வைத்தியம்தான், கூடவே நானும் அழுவேன். ஓரகத்தி இருக்கிற மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி எண்ணினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஓரகத்தி வந்து கிளிப் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பா பக்கத்துல உக்கார்ற பொண்ணு எப்பப் பாத்தாலும் இவளைக் கட்டிப் புடிச்சுக்கினே இருக்குதாம். பின்னாடி வந்து கழுத்தைக் கட்டிக்குதாம், மடியில ஏறி உக்காந்துக்குதாம், கன்னமெல்லாம் முத்தா குடுத்து எச்சி பண்ணிடுதாம். இவ நகந்து உக்காந்தா அது அழுவுதாம். மிஸ்கிட்ட சொன்னா, ஃப்ரெண்ட்ஸ்தானேன்னுட்டாங்களாம். ஸ்கூலுக்குப் போகவே புடிக்கலைன்னு சொல்றா."

"எப்போ சொன்னா?"

"ஒரு வாரம் இருக்கும்."

ஒரு வாரம். அந்த வாரம் முழுவதும் நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "ஏன், என்கிட்ட சொன்னா என்னவாம்?" என்றேன். ஓரகத்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு கிளிப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "நீங்க டென்ஷன் ஆவீங்கன்னுதான்க்கா..." என்று இழுத்தாள்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. "கையை நேரா நீட்டி, 'எனக்குப் புடிக்கல, தொடாத'ன்னு சத்தமா சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கேன். அப்பவும் கேக்கலைன்னா உடனே மிஸ்கிட்ட போகணும்னு சொல்லியிருக்கேன். ஜாக்கெட் மாட்டி வைக்கிற பொம்மை இருக்குல்ல, அதை வச்சு ரெண்டு பேரும் பழகினோம். பாப்பாவுக்கு முதல்ல குரலே வரலை, இப்போ நல்லா சொல்றா." சொல்லிக் கொடுத்தது சரியாகவே இருந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன். தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் சண்டை போட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கீழே வந்து மகளிடம், "ஏன்டி அம்மாகிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். அவள் கால் கட்டைவிரலால் தரையில் கோடு போட்டாள். எனக்குத் தாங்கவில்லை. இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பாவம், பயந்து போயிருக்கிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். குழந்தைக்காகத்தான் போனேன், யார் குழந்தை என்று காட்டுவதற்காகவும் போனேன். வகுப்பு டீச்சருக்குச் சின்ன வயது. "ரெண்டு பேரும் ட்வின்ஸ் மாதிரி ஒட்டிக்கிட்டே இருப்பாங்க மேம், அன்பா இருக்காங்கன்னுதான் நான் நெனச்சேன்" என்றார்.

"அந்தக் குழந்தைக்கு அன்புதான் மிஸ், இல்லைன்னு சொல்லலை. ஆனா என் பொண்ணுக்குப் புடிக்கலையே. வேணாம்னு சொல்ற குழந்தையை நீங்க ஏன் அனுசரிச்சுப் போகச் சொல்றீங்க?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

டீச்சர் முறைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே இடம் மாற்றி உட்கார வைக்கிறேன், யாரைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும் என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்கிறேன் என்றார். அந்தப் பெண்ணின் வீட்டில் தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறதாம். அதிலிருந்துதான் கையில் கிடைத்தவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதாம். அந்தக் குழந்தை மேல் கோபப்படலாம் என்று கிளம்பி வந்தவள் நான். தனக்கென்று இருந்த மடியில் இன்னொருத்தர் ஏறிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு வாசலில் நானே நின்றேன். வேன் வந்தது. மகள் குதித்து இறங்கி, முதுகுப் பையையும் தண்ணீர் பாட்டிலையும் என் கையில் திணித்துவிட்டு மாடிப்படியில் ஓடினாள்.

"சித்தி! நான் கையை நீட்டிச் சொன்னேன், அவ நிறுத்திட்டா! அப்புறமா கையைப் புடிச்சுக்கலாமான்னு கேட்டா, நான் சரின்னேன்!"

மேலே கைதட்டும் சத்தம் கேட்டது. லீவு போட்டு, பள்ளியில் போய் கத்திவிட்டு வந்தவள் நான். பெயர் ஜாக்கெட் பொம்மைக்கு. பையோடும் பாட்டிலோடும் வாசலில் நின்ற அந்த நேரத்தில் என் ஓரகத்தியை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மாடிக்குப் போனேன். மகளைக் கை கால் கழுவக் கீழே அனுப்பிவிட்டு ஆரம்பித்தேன். "நாளையிலேருந்து உனக்குச் சிரமம் வேணாம். பெருங்களத்தூர்ல ஒரு க்ரெஷ் இருக்கு, பாப்பாவை அங்க விட்டுக்கிறேன்."

அவள் மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். "நான் என்னாக்கா தப்பு பண்ணேன்?"

"பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன். எல்லாத்தையும் உன்கிட்டயே சொல்ற மாதிரி அவளை நீ என்ன பண்ணி வச்சிருக்கே?"

அவள் ஊசியிலிருந்து நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட ஏன் சொல்லலைன்னு நானும் அன்னிக்கே கேட்டேங்க்கா. அவ சொன்னா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

"என்ன சொன்னா? சொல்லு."

"'அம்மாகிட்ட சொன்னா அம்மாவும் கட்டிப் புடிச்சுக்குவாங்க சித்தி. நூறு வர்ற வரைக்கும் விட மாட்டாங்க'ன்னு சொன்னா."

கீழே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் கண் கலங்கியிருந்தது. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. இறங்கி வந்தேன். க்ரெஷ் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து பையை வைத்தேன். பழக்க தோஷத்தில் கைகள் தானாக விரிந்தன. மகள் வீட்டுப்பாடத்தை மூடிவிட்டு எழுந்து வந்து, தடுப்பூசி போட்டுக்கொள்ள நிற்கிற மாதிரி என் முன்னால் நின்றாள். இவ்வளவு நாளும் இப்படித்தான் வந்து நின்றாளா என்று நினைத்ததும் கைகளைக் கீழே இறக்கிவிட்டேன்.

"சார்ஜ் போடலாமா? வேணாம்னா வேணாம்" என்றேன்.

நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தாள். கையை நீட்டவில்லை, ஆனால் விரல்கள் கொஞ்சம் அசைந்தன. "இன்னிக்கு வேணாம்மா."

"சரி."

சொல்வதற்கு ஒரு வார்த்தைதான். தாம்பரத்திலிருந்து அந்த ஆட்டோவில் நசுங்கி வருவதே இதற்காகத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அழுதால் அவள் பாவம் பார்த்து வந்து ஒட்டிக்கொள்வாள் என்று தெரியும், அதனால் அழவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன்.

அவள் நின்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வந்து, என் மேல் படாமல் ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னிக்கு வேன்ல என்னாச்சு தெரியுமா? இதை நான் இன்னும் சித்திகிட்டகூட சொல்லலை."

மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, "சொல்லு" என்றேன்.